பட்டியல் எழுதியவர்

நூலகத்தில் அவர் எல்லா ஆண்களையும் ஸார் என்றுதான் கூப்பிடுவார், எல்லாப் பெண்களையும் மேடம் என்று. துணைவேந்தர் வந்தாலும் ஸார். காலையில் வராந்தா பெருக்குகிறவரும் ஸார். நல்ல மரியாதைக்காரி என்று முதல் வாரம் நினைத்துக்கொண்டேன். யார் பெரியவர், யார் சின்னவர் என்று பார்க்கும் வழக்கமே அவரிடம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. காகிதங்களிடமும் அவர் அப்படித்தான்.

அவர் பெயரையும் நூலகத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. திருவனந்தபுரத்தின் விளிம்பில், ரப்பர் மரங்களுக்கு நடுவே அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டில் இருக்கிற ஆய்வு நூலகம் அது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஒருவரைப் பற்றிய ஆவணங்கள் அங்கே ஒரு தனி மாடி முழுக்க இருந்தன. தலைவருக்கும் இந்த ஊருக்கும் உறவு ஒன்றுமில்லை. அவருக்கு அந்தரங்கச் செயலராக இருந்தவர் நாஞ்சில் நாட்டுத் தமிழர். ஓய்வுக்குப் பிறகு இங்கே வீடு கட்டிக் குடிவந்தவர். தலைவரின் குடும்பம் அவரை நம்பி ஒப்படைத்த காகிதங்களும், அவர் தானே எழுதி வைத்திருந்த டைரிகளும், அவர் இறந்த பின் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன.

எல்லாரையும் ஸார், மேடம் என்று கூப்பிடும் அவர்தான் இந்தச் சேகரிப்புக்குக் காப்பாளர். நான் நகரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். இரண்டு ஸ்கேனர்கள், இரண்டு ஆபரேட்டர்கள், மேற்பார்வைக்கு நான். ஒன்றரை வருடம் அந்த மாடியில் அவருக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அவர் பணி ஓய்வு பெறுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான் மிச்சமிருந்தது.

காலையில் வந்ததும் வளையல்களைக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளரில் போடுவார். சோப்புப் போட்டுக் கை கழுவி, வெள்ளைத் துண்டில் விரல் இடுக்கெல்லாம் துடைத்துக்கொள்வார். பென்சிலால்தான் எழுதுவார். துருப்பிடித்த குண்டூசிகளைக் காகிதம் கிழியாமல் எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், "குத்தும் இல்லியா" என்பார். அதற்கு மேல் விளக்கம் வராது.

சேகரிப்பில் காகிதம் மட்டுமல்ல, பொருள்களும் உண்டு. வெளிநாட்டு மன்னர் ஒருவர் கொடுத்த வாள் இருந்தது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தீக்குச்சியை ஒட்டிச் செய்த குடியரசுத் தலைவர் மாளிகையும் இருந்தது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். 'வாள், வெள்ளிப்பிடி, உறையுடன், ஒன்று.' 'மாளிகை, தீக்குச்சி, வலப்புறத் தூண் உடைந்தது, ஒன்று.' வாளுக்கு முன்னால் 'அரிய' என்று ஒரு சொல் சேர்க்கலாமே என்று இயக்குநர் கேட்டார். "அரியதுன்னு வாள்ல எழுதியிருக்கா ஸார்?" என்று இவர் கேட்டார். கேலி இல்லை. இருந்தால் சேர்த்துவிடுவோம் என்ற குரல்.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை 'மற்றவை'யில் வந்தது. தலைப்பில்லாத ஐம்பது அறுபது காகிதங்களை ஒன்றாகக் கட்டி, 'மற்றவை' என்று பெயர் போட்டு ஸ்கேனுக்குக் கொடுத்திருந்தேன். கட்டு அப்படியே என் மேஜைக்குத் திரும்பி வந்தது.

"மற்றவைன்னு ஒரு சாமான் உண்டா ஸார்?"

"எந்தத் தலைப்புலயும் சேராதது மேடம். எல்லா எடத்துலயும் அப்படித்தான் போடுவோம்."

"மற்றவைன்னு எழுதினா அது குப்பைக்குப் போக டிக்கெட் எடுத்தாச்சுன்னு அர்த்தம். ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாருங்கோ. அது என்னன்னு அதுவே சொல்லும்."

பார்த்தேன். ஒரு சலவைக் கணக்குச் சீட்டு. ஒரு விருந்தின் இருக்கை வரைபடம். யாரோ விமானத்தில் உட்கார்ந்து கிறுக்கிய கோழிப் படம். 'கோழி, பென்சில், விமான நிறுவனக் காகிதம், வரைந்தவர் தெரியவில்லை' என்று எழுதினார். தலைவர் வரைந்ததாக இருக்கலாமே என்றேன். "இருக்கலாம்" என்றார். பட்டியலில் அது ஏறவில்லை.

ஒரு தடவை தொலைக்காட்சியிலிருந்து நிருபர் ஒருவர் கேமராவுடன் வந்தார். சேகரிப்பிலேயே முக்கியமான ஆவணத்தைக் காட்டுங்கள் என்றார். எந்தப் பெட்டி வேண்டும் என்று இவர் கேட்டார். முக்கியமானது எதுவோ அது என்றார் நிருபர். இவர் இருநூறுக்கு மேற்பட்ட பெட்டிகளின் பட்டியலை எடுத்து நிருபர் முன்னால் வைத்து, உட்கார்ந்து வாசிக்க நாற்காலியும் போட்டுக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் நிருபர் தீக்குச்சி மாளிகையைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தன்னைப் பற்றியும் அவர் இந்த அளவில்தான் பேசுவார். வீடு கரமனையில், மகள் புனேயில், கணவர் இல்லை. எப்படி இறந்தார் என்று ஒருமுறை கேட்டேன். "ஆஸ்பத்திரியில. காலம்பற ஆறு பத்துக்கு" என்றார். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. மனதில் ஒன்றும் இல்லாத மனுஷியோ என்றுகூட நினைத்தேன்.

அந்த மாடியின் கிழக்கு மூலையில் நாற்பத்தொரு அட்டைப்பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. பொதுமக்கள் தலைவருக்கு எழுதிய கடிதங்கள். வேலை கேட்டு, பட்டா கேட்டு, பாலம் கேட்டு, மருமகள் கொடுமை, மாமியார் கொடுமை, பிறந்தநாள் வாழ்த்து. ஒப்படைத்த குடும்பத்தாருக்கே அதில் அக்கறை இருக்கவில்லை. ஆய்வாளர்களும் யாரும் கேட்டதில்லை. மழைக்காலத்தில் அந்த மூலை ஒழுகியது. அரசுக் கோப்புகளுக்கு இடம் போதவில்லை. இயக்குநர் ஜனவரியில் ஒரு கூட்டம் போட்டு, ஒரு பெட்டியை மாதிரிக்கு வைத்துக்கொண்டு மீதியைக் காகித ஆலைக்கு அனுப்பிவிடலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். "ஸ்தலம் வேண்டே மேடம்?" என்று கையை விரித்தார். இடமில்லை என்பதும் உண்மைதான்.

இவர் எப்போது அனுப்புவதாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். மார்ச் முடிந்ததும் என்றார்கள். சரி என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் பெட்டியை உடைத்துப் பட்டியல் எழுத ஆரம்பித்தார்.

நூலகத்தில் ஒரு விதி உண்டு. பட்டியலில் ஏறாத காகிதத்தை அகற்ற இயக்குநரின் கையெழுத்து போதும். ஏறிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அந்தக் குழு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இவர் யாரையும் எதிர்க்கவில்லை, மனு கொடுக்கவில்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு வரி. மொழி, பக்கம், ஊர், வந்த தேதி, விஷயம். அவ்வளவுதான். இயக்குநருக்குப் புரிவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. புரிந்த பிறகும் காப்பாளர் பட்டியல் எழுதுவதை எப்படித் தடுப்பது?

தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி அவருக்கே தெரியும். தெலுங்குக் கடிதங்களைப் படிக்க ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு மென்பொருள்காரப் பெண் சனிக்கிழமைகளில் வந்தாள். வங்காளத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மதியம் இவர் குடையை எடுத்துக்கொண்டு அங்கே போய், வங்காளம் வாசிக்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கையோடு கூட்டிவந்தார். வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவர் என்பதால் ஊரே 'பாயி' என்று கூப்பிடும் அவரை இவர் ஸார் என்றதும் அந்த மனிதர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து வாசிப்பார். சாயாவும் பழம்பொரியும் இவர் செலவு. கொத்தனார் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் விஷயத்தைச் சொல்வார், இவர் எழுதுவார். ஒரு கடிதத்தின் நடுவில் அவர் நிறுத்திவிட்டார். ஆறு நிலத்தை அரித்துக்கொண்டு போனதைப் பற்றி யாரோ எழுதியிருந்தது. அது தன் வீட்டுக்கு அக்கரையில் இருக்கிற ஊர் என்றார். இவர் பென்சிலோடு காத்திருந்தார். பிறகு, "எத்தன பக்கம் ஸார்?" என்றார். அடுத்த நாளிலிருந்து கொத்தனார் சிமெண்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மார்ச் நடுவில் முப்பத்து நான்கு பெட்டிகள் முடிந்திருந்தன. இந்த வேகத்தில் போனால் மீதி ஏழும் முடிந்துவிடும் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு பெண் தேடி வந்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு அங்கன்வாடியில் டீச்சர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பத்திரிகையில் இந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு சின்னச் செய்தி பார்த்துவிட்டு, ரயிலேறி வந்திருந்தார். அவருடைய அண்ணன் பட்டாளத்தில் இருந்தார். பனிமலையில் காவலுக்குப் போனவர் காணாமல் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. 'காணவில்லை' என்று மட்டும் தந்தி வந்தது. எழுதத் தெரியாத அம்மா சொல்லச் சொல்ல, எட்டாம் வகுப்பில் படித்த இந்தப் பெண் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

"பட்டாளத்துக்கெல்லாம் பெரியவிய அவியதானேன்னு எங்க அம்மை சொன்னா. அதான் அவியளுக்கு எழுதினோம். அச்சடிச்ச கார்டு ஒண்ணு பதிலா வந்துது. அந்தக் கடுதாசி இங்க இருக்குமா அக்கா?"

அக்கா என்று அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உக்காருங்கோ மேடம். எந்த வருஷம்னு ஓர்மை இருக்கா?" என்றார் இவர். இருபது நிமிஷத்தில் பட்டியலில் ஊர்ப்பெயர் கிடைத்தது. பெட்டியிலிருந்து கடிதத்தை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தார்.

கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கம். வாசித்துவிட்டு அந்தப் பெண் முதலில் சிரித்தார். "மாண்புமிகுக்கு ரெண்டு சுழி போட்டுட்டனே" என்றார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். முடித்துவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அவிய இத வாசிச்சாவளா அக்கா?"

இவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். வந்ததற்கு முத்திரை இருந்தது. குமாஸ்தாவின் சுருக்கொப்பமும், 'பதில் அனுப்பப்பட்டது' என்ற குறிப்பும் இருந்தன.

"இதுல அவரோட கையெழுத்தோ அடையாளமோ இல்ல மேடம். வாசிச்சாரா இல்லியான்னு இந்தக் காகிதத்த வச்சுச் சொல்ல முடியாது."

"எங்க அம்மை சாவுதது வரைக்கும் அவிய வாசிச்சிட்டாவன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா."

இவர் தாளை எடுத்து மடிப்பை நீவினார். "நகல் எடுத்துத் தரட்டுமா?" என்றார். அந்தப் பெண் நகலை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண் படியிறங்கும்வரை காத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"எந்த வார்த்த?"

"வாசிச்சிருப்பாருன்னு. என்ன கொறஞ்சு போயிரும்?"

"அவங்க நாகர்கோவில்லேருந்து வண்டியேறி வந்தது என்னோட அபிப்பிராயம் கேக்கவா ஸார்?"

அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் முப்பத்தைந்தாவது பெட்டியைத் திறக்கவில்லை. செயலருடைய டைரிகளின் ஸ்கேன் படிகளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அந்த டைரிகளைப் படிக்க ஆய்வாளர்களே பயப்படுவார்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி கையெழுத்து, பாதி சொற்களுக்கு முதலெழுத்து மட்டும், பல பக்கங்களில் தேதியே கிடையாது. கிழமையை வைத்து, யார் வந்து பார்த்தார்கள் என்பதை அரசு நிகழ்ச்சி நிரலோடு ஒப்பிட்டு, தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்பது வேலை நாட்கள் அவர் அதிலேயே உட்கார்ந்திருந்தார். கொத்தனார் இரண்டு நாள் வந்து, சாயா மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினார்.

கடிதங்கள் பட்டியலில் ஏறாமல் கிடந்தன. என் ஆபரேட்டர்களுக்கு அப்போது வேலை அதிகமில்லை. நானும் அவர்களும் உட்கார்ந்திருந்தால் இரண்டு பெட்டியாவது எழுதியிருக்கலாம். ஒப்பந்தத்தில் அது இல்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை ஒரு டைரிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் நாலு வரி. அன்று மாலை பொதுமக்கள் கடிதங்கள் ஆறு தலைவருக்கு வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தது. அதில் ஒன்று தமிழ். செயலர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். கேட்டுவிட்டுத் தலைவர் பேசவில்லை. மாலையில் வழக்கமாக நடக்கப் போகிறவர் அன்று நடக்கப் போகவில்லை.

"கடுதாசி வந்த அதே வாரம், வெள்ளிக்கிழம" என்றார். "அந்த வாரம் தமிழ்ல வந்தது பதினொண்ணு. பட்டியல்ல இருக்கு."

"மத்த பத்தும் என்ன?"

"வேல கேட்டு ஆறு. பட்டா ஒண்ணு. பொங்கல் வாழ்த்து ரெண்டு. ரயில் நிறுத்தம் வேணும்னு ஒண்ணு."

"அப்ப இது அந்த டீச்சரோட கடுதாசிதான் மேடம். வேற எதக் கேட்டு ஒருத்தர் நடக்கப் போகாம இருப்பாரு?"

"ரயில் நிக்கலன்னும் ஒரு மனுஷன் வருத்தப்படலாம் ஸார்."

அந்தப் பெண்ணுக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல் நூலகக் கோப்பில் இருக்கிறது. தங்கள் தாயாரின் கடிதம் வந்த வாரத்தில் தமிழ்க் கடிதங்கள் பதினொன்று பெறப்பட்டுள்ளன என்று தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ஒன்று வாசிக்கப்பட்டதும், தலைவர் பேசாததும், நடக்கப் போகாததும் அடுத்த வரிகள். எது வாசிக்கப்பட்டது என்று குறிக்கப்படவில்லை என்பது கடைசி வரி. டைரிப் பக்கத்தின் நகலையும், பதினொரு கடிதங்களின் விஷயங்களை வரிசையாக எழுதிய ஒரு தாளையும் கூடவே வைத்திருந்தார். வருத்தம் தெரிவித்தோ ஆறுதல் சொல்லியோ ஒரு சொல் கிடையாது.

அதன் பிறகு அவர் இரண்டு மடங்கு வேகத்தில் எழுதினார். மார்ச் முடிந்தபோது முப்பத்தெட்டுப் பெட்டிகள் பட்டியலில் ஏறியிருந்தன. மூன்று ஏறவில்லை. இயக்குநர் சொன்ன சொல் தவறவில்லை. ஏப்ரல் முதல் வாரம் ஒரு மினி லாரி வந்து அந்த மூன்றை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று. இவர் கீழே இறங்கி வந்து, அவை ஏறுவதை நின்று பார்த்தார். அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொரு அங்கன்வாடி டீச்சர் வேறொரு ஊரிலிருந்து வந்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மேலே வந்து பட்டியலின் கடைசிப் பக்கத்தில் எழுதினார். '39, 40, 41ஆம் பெட்டிகள். பட்டியலிடப்படாமல் அகற்றப்பட்டன. காரணம், காப்பாளர் ஒன்பது நாள் ஒரு கடிதத்தைப் பற்றிய தேடலில் இருந்தார்.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதை ஏன் எழுதணும்? எடமில்லன்னு போடுங்க. அதும் உண்மைதானே" என்றேன்.

"எடமில்லன்னா போயிருக்க வேண்டியது நாப்பது ஸார். மூணு போனது என்னால."

"நான் ஒதவியிருக்கலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஓ, செஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

மே மாதம் அவருடைய கடைசி வாரத்தில், முன் மேஜையில் தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார்கள். முத்திரை விழுந்துவிட்டால் அது நூலகத்தின் காகிதம். நான் கையெழுத்து வாங்க அங்கே நின்றேன். தபால் கட்டுக்குள் நீல நிறத்தில் ஒரு இன்லேண்ட் லெட்டர் இருந்தது. அனுப்பியவர் ஊர் நாகர்கோவில். குமாஸ்தா முத்திரையை ஓங்கும்போது இவர் படியிறங்கி வந்தார்.

"ஸார், அது எனக்கு."

"நூலக விலாசம்தானே மேடம்?"

"விலாசம் நூலகம். பேரு என்னோடது."

வாங்கி, ஓரத்தைக் கிழித்து, ஜன்னல் பக்கம் போய் நின்று வாசித்தார். இரண்டு பக்கமும் மடிப்பும் நிறைய எழுதியிருந்தது. வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"என்ன எழுதியிருக்காங்க மேடம்?" என்று கேட்டேன். எந்தக் காகிதத்தைப் பற்றி இப்படிக் கேட்டாலும் மொழி, பக்கம், விஷயம் என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

அவர் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"வீட்டுக்குப் போயி இன்னொரு தடவ வாசிக்கணும் ஸார்" என்று சொல்லிவிட்டு, பஸ் போய்விடும் என்று வேகமாகக் கேட்டைத் தாண்டிப் போனார்.